இருநூற்று ஐம்பத்தாறு விலாசக்காரன்

உலகம் முழுவதற்கும் என் விலாசத்தை அறிவித்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது. முதல் காரியம் சுலபம். இரண்டாவதை நினைத்தால் இப்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இதை அவளும் படிப்பாள்.

எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அறை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கதவு மூடாது. கதவை மூடினால் நான் எழுந்திருக்க முடியாது. அதில்தான் என் ரேடியோ இருக்கிறது. நான் உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். காசுக்காக இல்லாமல், ஆசைக்காக, முன்பின் தெரியாதவர்களோடு வானத்தின் வழியாகப் பேசுகிற ஆசாமி. எங்கேயோ கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர், "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது, மேலே சொல்லுங்கள்" என்பார். இந்த வாக்கியத்தை வீட்டுக்குள் என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. அந்த அறை போனால் எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

என் மனைவி குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. நாள் முழுக்க ஜனங்கள் போனில் கத்துவதைக் கேட்பாள். குரலை உயர்த்த மாட்டாள். நாலு கேள்வி கேட்பாள். தப்பு எங்கே, செய்தவன் யார், எந்த வால்வை மூட வேண்டும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். அலுவலகத்தில் இந்தத் திறமைக்குப் பெரிய மரியாதை. வீட்டில் இந்தத் திறமைக்கு நான்தான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு விபரீதம் நடந்தது. என் ரேடியோ அலை கொஞ்சம் சிந்திப் பக்கத்து வீட்டு டிவிக்குள் போய்விட்டது. அந்த வீட்டம்மா ராத்திரி சீரியலில் கதாநாயகி மயங்கி விழும் கட்டத்தை உருகி உருகிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கதாநாயகி வாயைத் திறக்க, என் குரல் வந்திருக்கிறது: "பொண்டாட்டி கடைக்குப் போயிருக்கா. இனிமே ஒரு மணி நேரம் சொர்க்கம்." அந்த அம்மாள் ஒரு எழுத்து விடாமல் என் மனைவியிடம் ஒப்பித்துவிட்டார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இந்த ரேடியோவால இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். அந்த ரூமை நான் எடுத்துக்கறேன்."

"பக்கத்து வீட்டுலேர்ந்து வந்தா..."

"எங்கேர்ந்து வந்தாலும்."

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. அறையைக் காப்பாற்ற ஒரு வழி தேடினேன். ராத்திரி பேசினால்தானே சீரியலில் விழும்? பக்கத்து வீட்டில் ஆளில்லாத மத்தியானத்தில், ஆபீசில் உட்கார்ந்தபடியே, வீட்டு ரேடியோவை இன்டர்நெட் வழியாக இயக்கினால்? சத்தமில்லை, புகாரில்லை. அதற்கு ரேடியோவுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் வேண்டும்.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. பயப்படாதீர்கள், இந்தக் கதையில் பயப்படுவது என் வேலை. இன்டர்நெட்டில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண்களால் ஆன விலாசம் உண்டு. அதில் ஒரு பெரிய நிலப்பரப்பை, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே அந்தக் காலத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். உரிமம் உள்ளவன் முறையாகக் கேட்டால் ஒரு மனை தருவார்கள். வியாபாரம் கூடாது, ரேடியோ வேலைக்கு மட்டும். நான் கேட்டேன். தந்தார்கள். ஒரு மனையில் இருநூற்று ஐம்பத்தாறு விலாசங்கள்! சொந்த வீட்டில் சட்டை மாட்ட எனக்கென்று ஓர் ஆணி கிடையாது. அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

"கழுத்துல சுளுக்கா?" என்றாள் மனைவி.

மனை கிடைத்தால் மட்டும் போதாது. இன்டர்நெட்டில் வழிகாட்டுகிற பெரிய ரூட்டர் ஒன்று, "இந்த விலாசங்கள் என் பக்கம்தான் இருக்கின்றன, இங்கே அனுப்புங்கள்" என்று அக்கம்பக்கத்து ரூட்டர்களிடம் சொல்ல வேண்டும். அவை தங்கள் அக்கம்பக்கத்துக்குச் சொல்லும். சற்று நேரத்தில் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். இதற்கு அறிவிப்பு என்று பெயர். எங்கள் தெருவில் வதந்தி பரவுகிற அதே முறைதான். சொன்னது நிஜமா என்று நடுவில் யாராவது சரிபார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் யாரும் மெனக்கெடுவதில்லை.

அந்தப் பெரிய ரூட்டர் மச்சானிடம் இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஊருக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனியின் முதலாளி. நான் அதில் வேலை பார்க்கிறேன். வீட்டு இணைப்பும் அவர் உபயம்தான். மச்சான் ஆறடி ஆள். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். முழுக் கோபத்தில் அவர் பேசுவது காதிலேயே விழாது, உதடு மட்டும் அசையும். அவரிடம் அனுமதி கேட்டிருக்கலாம். கொடுத்தும் இருப்பார். ஆனால் அவரிடம் சொன்னது, நான் திரும்பி என் இடத்தில் உட்காருவதற்குள் தங்கச்சி காதுக்குப் போய்விடும். இன்டர்நெட்டுக்குக்கூட அந்த வேகம் கிடையாது.

ஆகவே அந்தச் சனிக்கிழமை, மச்சான் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிவிப்போடு கூட, இதனால் யாருக்காவது தொல்லை என்றால் கூப்பிட ஒரு போன் நம்பரும் பதிய வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். யோசித்தேன். ஆபீஸ் நம்பர் போட்டால் மச்சான் எடுப்பார். என் செல் நம்பர் போட்டால், வீட்டில் மணியடிக்கும்போது மனைவி எடுத்து, "யாருங்க, என்ன விஷயம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் என் கையில் தருவாள். மூன்றாவதாக ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு லேண்ட்லைன். கூடத்து மூலையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. அது மணியடித்தே யுகமாகிறது. நாள் முழுக்க போனோடு மாரடிக்கிறவள் வீட்டுக்கு வந்து அதைத் தொடுவாளா? ஆகா, என்ன மூளை எனக்கு! அந்த நம்பரைப் போட்டேன்.

விலாச எண்களை அடிக்க ஆரம்பித்தேன். பாதியில், வெளியே செருப்புச் சத்தம். மச்சான் செருப்பு நடக்கும்போது கிறீச்சிடும். என் விரல்கள் வேகமெடுத்தன. மீதியை அடித்து, பொத்தானைத் தட்டி, திரையை மூடினேன்.

"என்ன மாப்பிள்ளை, என் சீட்ல?"

"இங்கதான் ஏசி காத்து நல்லா வருது மச்சான்."

"ஏசி கெட்டுப்போய் ஒரு வாரமாச்சே."

"அதான்... வருதான்னு பார்த்தேன்."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வெற்றி வீரனாக வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் என் மனைவி, லேண்ட்லைன் மேலிருந்த பூப்போட்ட துணியை உருவி உதறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கால் வாசலில், ஒரு கால் அந்தரத்தில்.

"என்ன பண்றே?"

"போனைத் துடைக்கறேன்."

"எதுக்கு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி எனக்கு. ஆபீஸ்ல சுவரை இடிச்சுப் போட்டிருக்காங்க. புகார் கால் எல்லாத்தையும் நம்ம லேண்ட்லைனுக்கு மாத்திட்டாங்க."

"இந்த... லேண்ட்லைனுக்கா?"

"நம்ம வீட்ல எத்தனை லேண்ட்லைன் இருக்கு?"

"இதுல சத்தம் சரியா கேக்காதே!"

அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். "கணீர்னு கேக்குது. ஏன் உங்களுக்கு வேர்க்குது?"

"நடந்து வந்தேன்."

"பஸ்ல வர்றேன்னீங்க?"

"பஸ்ல நடந்து... நின்னுக்கிட்டே வந்தேன்."

அவளும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கண்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முதல் மணி அடித்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடினேன். "நான் எடுக்கறேன்! நான் எடுக்கறேன்!" எடுத்தேன். யாரோ ஒரு பெரியவர், மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அப்பாடா என்றிருந்தது. வாழ்க்கையில் என்னை ஒருவர் திட்டி நான் நிம்மதியடைந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த மணிக்கும் நான்தான் ஓடினேன். அடுத்ததற்கும்.

"என்னங்க, புகார்ப் பிரிவுல சேர்ந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்."

"ஒத்தாசையா? அப்ப மேல போய்த் தண்ணித் தொட்டியைக் கழுவுங்க. தண்ணி ஆபீஸ்காரி வீட்டுத் தொட்டியில பாசி புடிச்சிருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

மறுத்தால் சந்தேகம் வரும். வாளியோடு மாடிக்குப் போனேன். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீழே மணி அடித்தது. தொட்டிக்குள் அது கோயில் மணி போல எதிரொலித்தது. நான் ஏறினேன், வழுக்கினேன், மறுபடி ஏறினேன். படியெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டக் கீழே வந்தபோது அவள் ரிசீவரை மெதுவாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"புகார்தான்."

"என்ன புகார்?"

"வழக்கமானதுதான். ஒரு வீட்டுக்குப் போகவேண்டியது இன்னொரு வீட்டுக்குப் போகுது. எவனோ பார்க்காம குழாயைத் திருப்பி விட்டிருக்கான்."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"திருப்பி விட்டவனை... என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல வால்வை மூடுவோம். ஆளை அப்புறம் பாத்துக்கலாம்." செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். "தரையைத் துடைச்சிடுங்க. ஈரமா இருக்கு."

துடைத்தேன். துடைத்த கையோடு என் அறைக்குள் புகுந்து, கதவை மூடி, அறிவிப்பின் பலனைப் பார்க்கத் திரையைத் திறந்தேன். அங்கேதான் என் உயிர் பாதி போயிற்று.

வீட்டு ரேடியோவின் வாசலில் உலகமே கூட்டமாக நின்று தட்டியிருந்தது. புதுசாக ஒரு விலாசம் அறிவிக்கப்பட்டால், திறந்த கதவு இருக்கிறதா என்று பார்க்க ஊர்பேர் தெரியாத இயந்திரங்கள் எல்லாம் வந்து தட்டிப் பார்க்கும். கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இத்தனையா? சரம் சரமாக, திரை கொள்ளாமல்! என் கதவைத் தொட்டுப் பார்த்தேன். தாழ் போட்டிருந்தது. இருந்தாலும் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சில வரிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அமெச்சூர் ரேடியோவில் எதையும் பூட்டி அனுப்பக் கூடாது என்பது விதி. எல்லாம் திறந்த எழுத்துதான். யாரும் படிக்கலாம். நானும் படித்தேன்.

"கரை, கரை, இது சின்னப் படகு. காற்று ஏறுகிறது. கேட்கிறதா?"

கீழே இன்னொன்று. "கரை, பதில் இல்லையே. உள்ளே வரலாமா, காத்திருக்கலாமா?"

அதற்கும் கீழே. "கரை, யாராவது இருக்கிறீர்களா?"

எனக்குப் புரியவில்லை. நான் கரை இல்லை. எனக்குப் படகு வைத்திருக்கும் சிநேகிதர் யாரும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நேற்று நான் அறிவித்த எண்ணையும், எனக்குத் தந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. மச்சான் செருப்பு கிறீச்சிட்ட நேரத்தில் என் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது. நான் என் மனையை அறிவிக்கவில்லை. பக்கத்து மனையை அறிவித்திருக்கிறேன். அது யாருடையது என்று தேடினேன். ஒரு தீவு. அந்தத் தீவின் ரேடியோ கிளப். கடலுக்குப் போகிறவர்களுக்கு வானிலை சொல்வதும், படகு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. ஒரே விலாசத்தை இரண்டு பேர் அறிவித்தால் பாதி உலகம் அங்கே போகும், பாதி உலகம் இங்கே வரும். அந்தப் பாதியில் ஒரு சின்னப் படகு இருந்திருக்கிறது. அது என் அறையைப் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. அது பெண்டாட்டி பயம், பழகிப்போனது. இது வேறு. என் கண் முன்னால் கடல் அலை அலையாக எழுந்தது. இதற்குள்ளா ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான்?

அறிவிப்பை உடனே திரும்பப் பெற வேண்டும். வீட்டிலிருந்தே ஆபீஸ் ரூட்டருக்குள் நுழைய எனக்கு வழி உண்டு. பாஸ்வேர்டை அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். தப்பு. யாரோ உள்ளே புகுந்து பூட்டிக்கொண்டுவிட்டார்கள்! மச்சானுக்கு போன் போட்டேன். லைன் பிஸி. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் எடுத்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை." குரல் இறங்கியிருந்தது.

"மச்சான், பாஸ்வேர்ட் மாத்தினீங்களா?"

"மாத்தினேன்."

"எதுக்கு?"

"திருட்டு பயம்."

"புது பாஸ்வேர்ட் என்ன மச்சான்?"

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ரூட்டர்ல என்ன வேலை?" குரல் இன்னும் இறங்கியது.

"சும்மா... ஒரு ஆசை."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இப்போது ஒரே வழிதான். மனைவியிடம் சொல்வது. அவள் சொன்னால் மச்சான் கேட்பார். ஆனால் சொன்னால் அறை போய்விடும். சொல்லலாமா, வேண்டாமா என்று தவித்தபடி சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"என்ன?" என்றாள்.

வாயைத் திறந்தேன். "இந்தப் பாத்திரத்தையெல்லாம் நான் கழுவட்டுமா?" என்றது வாய்.

"தாராளமா."

கழுவினேன். மறுபடி போய் நின்றேன்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றாள். குரல் என்னவோ கனிவாகத்தான் இருந்தது.

"அது வந்து... ஃபேன்ல தூசியா இருக்கே."

"துடைங்களேன்."

ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைத்தேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒட்டடையை, அது குடியேறிய பிறகு முதல்முறையாக, காலி செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவள், "வேற ஏதாவது?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் இன்னொரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடுநடுவே மணி அடிக்கும். எடுப்பாள். என்னைப் பார்த்துக்கொண்டே, "ம்... ம்... புரியுது" என்பாள். ஸ்டூல் ஆடும்.

மத்தியானம் எங்கள் பக்கத்திலும் காற்று எழுந்தது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திறந்திருந்த ஜன்னல் படீரென்று அறைந்தது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினேன். நேரே கூடத்துக்குப் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மனை, அறிவிப்பு, செருப்புச் சத்தம், ஏழு, எட்டு, தீவு.

"கடல்ல ஆள் இருக்காங்க. யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டே இருக்காங்க. கரைக்குப் போகவேண்டிய கேள்வி என்கிட்ட வந்து விழுது. பதில் சொல்ல எனக்கு வழியில்லை. உங்கண்ணன்கிட்ட சொல்லி அதை நிறுத்தச் சொல்லு. அந்த ரூமை எடுத்துக்கோ. ரேடியோவைத் தூக்கிக் குப்பையில போடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அதை மட்டும் நிறுத்திடு."

அவள் என்னையே பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. அது காலையிலேயே நின்னாச்சு."

"என்னது?"

"நீங்க தொட்டிக்குள்ள இருந்தீங்களே, அப்ப வந்த கால் அந்தத் தீவுக்காரம்மாதான். கிளப் செகரட்டரி. பாவம், பதறிட்டாங்க. நாலு கேள்வி கேட்டேன். நம்பர் எங்க கிடைச்சுது, எப்போலேர்ந்து, எந்த விலாசம், யாரோட ரூட்டர்னு. அண்ணன் கம்பெனி பேரைச் சொன்னாங்க. உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். ஓடிப்போய் அறிவிப்பை எடுத்துட்டான். தெருக்குழாய் மாதிரிதானே? வால்வை மூடினாப் போச்சு."

"படகு?"

"கரைக்கு வந்தாச்சு. அந்தம்மா மறுபடி கூப்பிட்டுச் சொன்னாங்க. காத்து வலுக்கறதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்களாம்."

எழுந்து அறைக்கு ஓடினேன். திரையைப் பார்த்தேன். படகின் கடைசிக் கேள்வி வந்தது காலையில், நான் தொட்டிக்குள் இருந்தபோது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பயத்தில் எழுத்தைப் படித்தவன், அதன் ஓரத்தில் இருந்த நேரத்தைப் படிக்கவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. கூடத்துக்குத் திரும்பினேன்.

"அப்ப ஏன் காலையிலேர்ந்து என்கிட்ட சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு காத்துட்டிருந்தேன். வந்து நிப்பீங்க. வாயைத் திறப்பீங்க. பாத்திரம் கழுவறேன்பீங்க. சரி, கழுவட்டும்னு விட்டேன்."

"நான் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஃபேன் துடைச்சேன்!"

"படகு விஷயம் உங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? வெறும் எனக்குப் பயந்துதான் துடைக்கறீங்கன்னு நினைச்சேன். அதுல என்ன தப்பு?"

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"சரி," என்றேன் மெதுவாக. "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. ரூம் விஷயம்... பதட்டத்துல ஏதோ சொல்லிட்டேன்."

"எனக்கும் முதல்ல கேக்கற எண்ணம் இல்லைங்க," என்றாள் என் மனைவி. "ஆனா நீங்களா, இவ்வளவு நல்ல மனசோட, வாய் நிறைஞ்சு கொடுத்ததை வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?"

மச்சான் மறுநாள் ஒரு சொல்கூடச் சத்தமாகப் பேசாமல், உதட்டை மட்டும் அசைத்து எனக்கு வேண்டியதைச் சொல்லி முடித்தார். பிறகு, தங்கச்சி கேட்டுக்கொண்டதால், என்னுடைய சரியான மனையை அவரே சரியாக அறிவித்தார். தொல்லை என்றால் கூப்பிடவேண்டிய ஆள் என்ற இடத்தில் என் மனைவி. தீவுக்காரம்மாவே சிபாரிசு செய்தாராம். இப்போது லேண்ட்லைன் அந்த அறைக்குள் போய்விட்டது. அலுவலகச் சுவர் இன்னும் எழும்பாததால் ஞாயிறு டூட்டி அங்கேதான் நடக்கிறது. அவள் உட்கார்ந்தால் நாற்காலியும் நகர்கிறது, கதவும் மூடுகிறது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உரிமப் பரீட்சைக்கு வேறு படிக்கிறாள். என் ரேடியோ மூலையில் இருக்கிறது, பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு.

போன ஞாயிறு மத்தியானம் கதவில் காதை வைத்தேன். உள்ளே அவள் லேண்ட்லைனில் தீவோடு பேசிக்கொண்டிருந்தாள். "உங்க குரல் தெளிவா கேக்குது. மேலே சொல்லுங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அடிவயிற்றிலிருந்து ஓர் ஆசை எழுந்தது. கதவைத் தட்டத் தைரியமில்லை. பேச்சு ஓய்ந்ததும் செல்போனை எடுத்து, அந்த லேண்ட்லைனுக்கு அடித்தேன்.

"புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

"நான்தான். ஒரு அரை மணி நேரம் அந்த ரேடியோவை..."

"விலாசம்?"

"ஏம்மா, கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கறேன்."

"விலாசம் சொன்னாத்தான் பதிய முடியும்."

இருநூற்று ஐம்பத்தாறு விலாசக்காரன் நான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சமையலறை," என்றேன்.

"பதிஞ்சாச்சு. உங்களுக்கு முன்னாடி ஒரு தீவே லைன்ல நிக்குது. அதுவரைக்கும் அங்க கிடக்கற பாத்திரத்தைக் கழுவிட்டிருங்க."